இரண்டு மாத நாய்க்குட்டிக்குப் பச்சைக்கறி கொடுத்து வளர்க்கலாமா? எப்படிக் கொடுத்தால் சத்து சரியாகச் சேரும்?

கொடுக்கலாம். ஆனால் வெறும் கறியாகக் கொடுக்கக் கூடாது. இது தெரியாமல் என் குட்டியை முடமாக்கப் பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினேன். பெயர் பஞ்சு. "ஓநாய் வம்சத்துக்கு எதுக்குங்க சோறு" என்று வாட்ஸப் குழுவில் ஒருவர் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. எலும்பு தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயம் வேறு. கடைக்காரரிடம் ஒரு சின்ன எலும்புகூட வரக் கூடாது என்று சொல்லி, தினமும் தனிக்கறியாக வாங்கிப் போட்டேன். குட்டியும் பளபளவென்றுதான் இருந்தது. ஆறாவது வாரம் வாசற்படி ஏற மறுத்தது. முன்னங்கால்கள் வளைந்து, பாதம் வாத்துக்கால் மாதிரி தரையில் பரப்பிக் கிடந்தது. தூக்கினால் கத்தியது. பக்கத்து வீட்டு அண்ணன், "காலை வெயில்ல விடுங்க தம்பி, சரியாயிடும்" என்றார். விட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. நம் தோல் போல நாயின் தோல் வெயிலில் போதிய அளவு வைட்டமின் டி தயாரிக்காது, அது சாப்பாட்டில்தான் வர வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு புகை மாதிரி மங்கிக் கிடந்தது. சுற்றியிருந்த சதைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

காரணம் எளிமையானது. 100 கிராம் எலும்பில்லாத கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராமை ஒட்டி இருக்கும், கால்சியம் 10 மில்லிகிராம்தான். வளரும் குட்டிக்கோ கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது வேண்டும், கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, பாராதைராய்டு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். நான் ஆசையாகப் போட்ட ஒவ்வொரு தட்டும் பஞ்சுவின் காலிலிருந்து கொஞ்சம் கரைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, கால்சியம் சிரப் ஊற்றிவிட்டால் போச்சு என்று நினைப்பீர்கள். நம் ஊரில் குட்டி வாங்கினாலே கையோடு ஒரு பாட்டில் வாங்குகிறோம். அதிலும் கண்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டியின் குடலுக்கு அதிகப்படியான கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது. பெரிய இனங்களில் இதனாலேயே எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். கம்பெனித் தீனி சாப்பிடும் குட்டிக்கு அதற்கு மேல் சிரப் தேவையே இல்லை.

பஞ்சுவுக்கு முதலில் ஓட்டமும் குதியும் நிறுத்தப்பட்டது. பெரிய இனக் குட்டிகளுக்கான தீனியில் சில மாதம் ஓட்டினோம். எலும்பு முறியாமல் தப்பியதால் கால் நேரானது. அதற்குப் பிறகுதான், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கணக்கோடு பச்சைக்கறிக்குத் திரும்பினேன்.

இப்போது உங்கள் குட்டிக்கு வருவோம். பொதுவாகச் சொல்லும் அளவு சதை 80 சதவீதம், எலும்பு 10, ஈரல் 5, மற்ற உள்ளுறுப்பு 5. குட்டிக்கு எலும்பு 12 சதவீதம் அளவு இருக்கட்டும். குட்டி 6 கிலோ என்றால் எடையில் 8 சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 480 கிராம். கோழிக்கழுத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எலும்பு. ஆக, கழுத்து 160 கிராம், எலும்பில்லாத கறி 270, ஈரல் 25, சுவரொட்டியோ (மண்ணீரல்) கிட்னியோ 25. இதை நான்கு வேளையாகப் பிரிக்க வேண்டும். வளர வளர சதவீதம் குறையும், முழு வளர்ச்சியில் 2 முதல் 3 சதவீதம் போதும். கழுத்தை அப்படியே போடாதீர்கள். கறிக்கடையில் கொத்தி வாங்குங்கள், அல்லது வீட்டில் நன்றாக நசுக்குங்கள். வேகவைத்த எலும்பு மட்டும் எந்த வயதிலும் கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

அளவு சரியா என்பதைக் காலையில் மலம் அள்ளும்போது பார்த்துவிடலாம். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் எலும்பு அதிகம். கறுப்பாக இளகிப் போனால் பெரும்பாலும் ஈரல் அதிகம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று இருந்தால் ரத்தமாக இருக்கலாம், மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரலை ஆசைக்கு அள்ளிப் போடாதீர்கள், அதில் வைட்டமின் ஏ மிகுதி. இத்தனை செய்தும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ, டி எல்லாம் குறையத்தான் செய்யும். வாரம் இரண்டு மூன்று நாள் மத்தி மீனை வேகவைத்து முள் எடுத்துப் போடுகிறேன், மற்றதை மருத்துவர் எழுதிக் கொடுத்த பொடியில் சரிக்கட்டுகிறேன்.

கிருமி விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் இரண்டும் பச்சைக் கோழியில் சாதாரணம். ஃப்ரீசரில் வைத்தால் அவை முழுதாகச் சாகாது, மிஞ்சியவை தூங்கும், அவ்வளவுதான். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-இல், பச்சைக் கோழி தின்னும் நாய்களுக்குக் காலில் தொடங்கும், பக்கவாதம் போன்ற ஒருவகை நரம்பு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் பச்சைக்கறியை ஊக்குவிப்பதில்லை. கறிக்கடை ஓரத்தில் வீசும் ஆட்டு நுரையீரலை எந்தக் காரணத்துக்காகவும் பச்சையாகப் போடாதீர்கள். அதில் ஹைடாட்டிட் நாடாப்புழுவின் கட்டிகள் இருக்கலாம். நாய் தின்றால் அதன் மலம் வழியாக முட்டை வந்து, நம் ஈரலில் கட்டி வைக்கும். வீட்டில் தவழும் குழந்தையோ, கீமோ எடுப்பவரோ, கர்ப்பிணியோ இருந்தால் இந்த முறையே வேண்டாம் என்பேன். வேகவைத்த கறியும் சோறும் போதும், எலும்புக்குப் பதிலான கால்சியத்தை மட்டும் மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். சோறு செரிக்குமா என்று யோசிக்க வேண்டாம். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு உண்டு என்று 2013-இலேயே சுவீடன்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பச்சை ரத்தம் ருசி கண்டால் ஆளைக் கடிக்கும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். பஞ்சு இன்றுவரை யாரையும் கடிக்கவில்லை. கழுத்தெலும்பு கையில் இருக்கும்போது மட்டும் பூனையைக் கிட்டே விடாது.