நாலு தட்டு தட்டினால் திருந்துவானா? மணல் வழக்கில் சிக்கிய அக்கா மகனுக்காக ஒரு தாய்மாமனின் கேள்வி

கேள்வி: பாபநாசம் பக்கம், கொள்ளிடக்கரை கிராமம் எங்களுடையது. அப்பா இல்லாத என் அக்கா மகனுக்கு 24 வயது. மாட்டுவண்டியில் மணல் அள்ளியதாக இப்போது இரண்டாவது வழக்கு. பெயிலில் வந்து தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான். மறுபடியும் ஆற்றில் இறங்கிவிடுவானோ என்று அக்கா தூங்குவதில்லை. தெரிந்த ஏட்டு ஒருவரிடம் சொல்லி நாலு தட்டு தட்டி மிரட்டச் சொல்லலாமா? இல்லை, திருப்பூருக்கு அனுப்பிவிடலாமா?

பதில்: முதல் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள், ஐயா. இரண்டாவது நல்ல யோசனை, ஆனால் அதற்கு நேரம் வரவேண்டும். நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுகிறவர்களைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்த காலத்தில் உங்கள் மருமகனைப் போன்ற பல பேரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

ஒரு வண்டிக்காரர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ஆத்துல அள்ளக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா சார்? எங்க வீட்டு அடிபம்புல அடிச்சா காத்துதான் வருது. ராத்திரி லாரி லாரியாப் போறப்ப யாரும் வரல. என் மாட்டை அவுத்துக்கிட்டுப் போறப்ப மட்டும் சட்டம் பேசுறாங்க.” இந்தப் பேச்சில் இரண்டு விஷயம் இருக்கிறது. சட்டம் சரிதான் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அதை அமல்படுத்த வருகிறவரைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது, மணல் போனதால்தான் இந்தக் கதி என்று வண்டிக்காரர்களே பேசினார்கள். ஆற்றின் அருமை தெரியாதவர்கள் இல்லை அவர்கள்.

வேறொரு மண்ணில் நடந்த ஆய்வும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் துப்பாக்கிக் குற்றங்களில் ஈடுபட்டவர்கள் 141 பேரைப் பேட்டி கண்டு 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சட்டம் சொல்வது நியாயம்தான், அதை நடத்துகிறவர்களும், குறிப்பாகப் போலீசும், நியாயமானவர்கள்தான் என்று நம்பியவர்களே சட்டத்துக்கு அடங்கி நடக்க அதிக வாய்ப்பு இருந்தது. கூட்டாளிகள் எல்லோருமே குற்றத்தில் ஊறியவர்களாக இருந்தவனிடம் அந்த நம்பிக்கை மிகவும் குறைவு. அதே கும்பலில் இருந்தாலும், வெளியே வேறு நல்ல உறவுகள் உள்ளவனிடம் கொஞ்சம் கூடுதல். அதற்காக அவன் போலீஸை மெச்சினான் என்று நினைக்க வேண்டாம். கசப்பு அவனுக்கும் இருந்தது, அளவுதான் குறைவு.

இப்போது நாலு தட்டு விஷயத்துக்கு வருவோம். கைதானவரை அடிப்பது சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். அடி வாங்கிவிட்டு வருகிறவன் என்ன நினைப்பான்? ‘இவங்களுக்கும் ரவுடிக்கும் என்ன வித்தியாசம்?’ என்றுதான். சட்டத்தின் மேல் மிச்சம் இருக்கிற மரியாதையும் அங்கே போய்விடும். போதாக்குறைக்கு, அடிக்கச் சொன்னது மாமன்தான் என்று ஒருநாள் தெரிந்தால், அவனை இந்தப் பக்கம் பிடித்து வைத்திருக்கும் கயிற்றை நீங்களே அறுத்தவர் ஆவீர்கள். அமெரிக்காவின் மில்வாக்கியில் மனைவியை அடித்துக் கைதானவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று உண்டு. கைது செய்தபோது போலீஸ் தம்மை முறையாக நடத்தியது என்று சொன்னவர்கள், அப்படி நடத்தப்படாதவர்களைவிடக் குறைவாகவே மறுபடி கை நீட்டினார்கள். இரு தரப்பாரும் கைதானவர்கள்தான், நடத்திய விதம்தான் வேறு.

அடுத்து அந்தக் கையெழுத்து. இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. நம் பக்கம் நடவுக்கோ அறுப்புக்கோ விடிந்ததும் இறங்க வேண்டும். 10.30க்கு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியவனை எந்த மேஸ்திரி சேர்த்துக்கொள்வார்? கூலி போயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால் எதிர் டீக்கடை. அங்கே அதே நேரத்துக்குக் கையெழுத்துப் போட வந்த மற்றவர்கள். பழைய கூட்டாளிகளைத் தேடி அவன் போக வேண்டியதே இல்லை, நாமே தினமும் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம்.

ஆகவே முதல் வேலையாக வழக்கறிஞரைப் பார்த்து கண்டிஷன் தளர்வு மனு போடச் சொல்லுங்கள். சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டிருந்தால், வாரம் ஒருநாள் என்று மாற்றிக் கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் உதவியைக் கேளுங்கள், கட்டணம் இல்லை. அதுவரை ஒரு நாள்கூடத் தவற வேண்டாம். முடிந்த நாளில் நீங்களும் கூடப் போங்கள். மாமன் பக்கத்தில் நின்றால் ஸ்டேஷனில் பேச்சின் தொனியே மாறும். வரும் வழியில் டீக்கடைக்குப் பதில் உங்கள் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவான்.

இன்னொன்றை அவனிடம் தனியாக, கோபப்படாமல் விசாரியுங்கள்: மணல் வாங்குகிறவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறானா? வண்டி, மாடு எல்லாம் யார் காசில் வந்தது? திருந்த நினைத்தாலும் கடன்காரன் விடமாட்டான். உறவென்றால் பாசம் மட்டும் இல்லை, பாக்கியும் உறவுதான். நாலு சொந்தக்காரர்கள் சேர்ந்து அந்தப் பாக்கியை முடித்துவிடுவது, நாலு நாள் புத்தி சொல்வதைவிட உதவும்.

வழக்கு நிரூபணமானாலும் சிறைதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958இன் 4ஆம் பிரிவின்படி, தண்டனை விதிக்காமல் நன்னடத்தைப் பிணையில் மூன்று ஆண்டுகள் வரை கண்காணிப்பில் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது கிடையாது, மணல் திருட்டு அந்த வகையில் வராது. முன்பு ஒரு வழக்கில் தண்டனை பெற்றிருந்தாலும் இந்தப் பிரிவு கதவைச் சாத்திவிடவில்லை. அவனுக்கோ பிணை கொடுப்பவருக்கோ நிலையான இருப்பிடம் அல்லது ஒழுங்கான தொழில் இருக்கிறதா என்று அந்தப் பிரிவே கேட்கிறது. பிணைக்கு நீங்கள் நில்லுங்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வந்தால் ஒளிக்காமல் பேசுங்கள். அக்கம்பக்கத்திலும் கேட்பார். ‘எங்க பிள்ளைதான், நாங்க பாத்துக்கிறோம்’ என்று ஊரில் இரண்டு பேர் சொன்னால் அறிக்கையின் கனமே வேறு.

திருப்பூர் யோசனையில் உண்மை இருக்கிறது. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை அழித்தபோது, சிறையிலிருந்து வந்தவர்கள் பலர் பழைய பேட்டைக்குத் திரும்ப முடியாமல் வேறு இடத்தில் குடியேறினார்கள். பழைய இடத்துக்கே போனவர்களைவிட அவர்கள் மறுபடி சிறைக்குப் போனது குறைவு. ஆனால் கண்டிஷன் தளராமல் ஊரைத் தாண்டிக் கையெழுத்து தவறினால் பெயில் ரத்தாகிவிடும். அதோடு, தனி அறையில் தெரியாத கூட்டத்தோடு விடுவதற்கும் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் விடுவதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே உங்கள் உறவில் யாராவது பனியன் கம்பெனியில் இருந்தால் இப்போதே பேசி வையுங்கள். அக்காவையும் ஒருமுறை அழைத்துப்போய் அந்த வீட்டைக் காட்டிவிட்டு வாருங்கள். தளர்வு உத்தரவு கைக்கு வந்தபின், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வழக்கறிஞரிடம் படித்துக் கேட்டுக்கொண்டு பயணத்துக்கு நாள் குறியுங்கள்.