ஒரு முறை டெங்கு வந்தவருக்கு மறுபடி வந்தால் ஆபத்தா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் எனக்கும் என் மகனுக்கும் டெங்கு வந்து தேறினோம். அவனுக்கு இப்போது 11 வயது. "ஒரு தடவை வந்தால் அம்மை மாதிரி மறுபடி வராது" என்கிறார் மாமியார். இரண்டாவது முறை வந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார் எதிர்வீட்டு அக்கா. யார் சொல்வது சரி? ஏதாவது ரத்தப் பரிசோதனை செய்து வைக்கலாமா? வீட்டில் 8 மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது.
- வேளச்சேரி வாசகி

பதில்: உங்கள் மாமியார் சொல்வது தட்டம்மைக்கு அப்படியே பொருந்தும். டெங்குவுக்குப் பொருந்தாது. அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் பயம் அளவுக்கு மீறியது. இரண்டாவது முறை டெங்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் நன்றாகவே தேறிவிடுகிறார்கள்.

எந்த வைரஸும் தானாகச் செல்லுக்குள் புக முடியாது. செல்லின் மேற்பரப்பில் உடல் தன் சொந்த வேலைக்காக வைத்திருக்கும் ஏதாவது ஒரு பொருளை, பெரும்பாலும் ஒரு புரதத்தை, பற்றிக்கொண்டுதான் நுழையும். அந்தப் பொருளைத்தான் ஏற்பி என்கிறோம். கொரோனாவுக்கு ஏசிஇ2 என்ற ஏற்பி. தட்டம்மை வைரஸ் நோய் எதிர்ப்புச் செல்களில் உள்ள ஸ்லாம் என்ற ஏற்பியைப் பிடிக்கிறது. ஏற்பியைப் பிடிக்கும் பாகத்தைத் தட்டம்மை வைரஸால் எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது, மாற்றினால் பிடி நழுவிவிடும். அதனால் சின்ன வயதில் உருவான ஆன்டிபாடி (கிருமியின் மேல் ஒட்டி அதை முடக்க உடல் தயாரிக்கும் புரதம்) ஆயுள் முழுக்க அதைத் தடுத்துவிடுகிறது.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. உங்கள் மகனுக்கு அன்று எந்த வகை வந்ததோ, அது அவனை மறுபடி தாக்குவது மிக அரிது. மற்ற மூன்றிடமிருந்தும் சில மாதங்கள், சிலருக்கு ஓரிரு வருடம், ஓரளவு காப்பு இருக்கும். அப்புறம் அது தேய்ந்துவிடும். அந்த நிலையில் வேறு வகை டெங்கு வந்தால், பழைய ஆன்டிபாடி அதன் மேல் போய் ஒட்டும். ஆனால் வைரஸை முடக்கும் அளவுக்கு மூடாது.

சிக்கல் இங்கேதான். ஆன்டிபாடி ஒட்டிய கிருமியைப் பிடித்து விழுங்குவதற்கென்றே நம் வெள்ளை அணுக்கள் சிலவற்றில் எஃப்சி ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. ஆன்டிபாடியின் வால் பகுதியை அது பற்றிக்கொள்ளும். டெங்கு வைரஸ் பெருகுவதும் அதே அணுக்களில்தான்! விழுங்கிய கிருமியைச் செரிக்க, அணு தனக்குள் உள்ள ஒரு பையில் அமிலத்தன்மையைக் கூட்டும். டெங்குவுக்கு அந்த அமிலமே சமிக்ஞை. அதன் வெளிப்புரதம் உருமாறி, வைரஸின் உறை பையின் சவ்வோடு ஒட்டிக் கலக்க, மரபுப்பொருள் உள்ளே இறங்கிவிடும். நம்மைக் காக்க வந்த ஆன்டிபாடியே வைரஸுக்குக் கைப்பிடியாகிவிடுகிறது. இப்படி அதிக அணுக்களில் வைரஸ் பெருகும்போது, ரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

இதைக் கியூபா நாடு வேதனையோடு கற்றுக்கொண்டது. 1977ல் அங்கே டெங்கு முதல் வகை பரவியது, பெரும்பாலும் லேசாகவே போனது. 1981ல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். 1997ல் சாண்டியாகோ நகரில் இரண்டாம் வகை திரும்பி வந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அநேகமாக எல்லோருமே பெரியவர்கள், அதாவது இருபது வருடத்துக்கு முன் முதல் வகையைப் பார்த்தவர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஆரோக்கியமாக இருக்கும் பையனுக்கு இப்போது ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஐஜிஜி (பழைய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்று வரும், எந்த வகை என்று சொல்லாது, சிகிச்சையையும் மாற்றாது. அதைவிட, அடுத்த முறை காய்ச்சல் வந்தால் முதல் நாளே மருத்துவரிடம் "இவனுக்கு முன்பே டெங்கு வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். இரண்டாவது டெங்குவில் என்எஸ்1 பரிசோதனை (ரத்தத்தில் டெங்கு வைரஸின் ஒரு புரதத்தைத் தேடுவது) நெகட்டிவ் என்று வர வாய்ப்பு அதிகம். பழைய ஆன்டிபாடி அந்தப் புரதத்தையும் மூடிவிடுவதுதான் காரணம். நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது. கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் என்று நீராகாரம் போய்க்கொண்டே இருக்கட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன்: காய்ச்சல் விட்ட நாளில்தான் அதிக கவனம் வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் கசிவு தொடங்கும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நம் ஊரில் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே கேட்கிறோம். கூடவே பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, எவ்வளவு என்றும் கேளுங்கள். அது ஏறிக்கொண்டே போனால் ரத்தம் கெட்டியாகிறது, நீர் கசிகிறது என்று பொருள். பப்பாளி இலைச் சாறு அந்தக் கசிவை நிறுத்தாது.

கடைசியாக, கைக்குழந்தை. அவளுக்கு டெங்கு வந்ததில்லை, ஆனால் உங்கள் ஆன்டிபாடி கருவிலேயே அவளுக்குள் போயிருக்கும். அது குறைந்து தேயும் பருவம் ஏறக்குறைய ஆறாம் மாதத்திலிருந்து ஒரு வயது வரை. இந்த வயதில் முதல் டெங்குவே இரண்டாவது போலக் கடுமையாகலாம். எனவே வீட்டில் முதல் கவனம் அவளுக்குத்தான். டெங்கு கொசு பகலில் கடிப்பது. குழந்தை பகலில் தூங்கும்போதும் வலை கட்டுங்கள். சம்ப் மூடி, மாடியில் சின்டெக்ஸ் மூடி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மணி பிளான்ட் பாட்டில், இவற்றை வாரம் ஒரு முறை பாருங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், உங்களுக்கு டெங்கு வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.