அல்காலாவில் அச்சான பன்மொழி விவிலியம்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்பெயினின் அல்காலா நகரது இலத்தீன் பெயரால் 'கொம்ப்ளூட்டம் விவிலியம்' எனப்படும் இந்நூலின் பக்கம் எப்படி இருக்கும்?

பதில்: விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்நூல் பகுதியில் ஒரு பக்கத்தை விரித்தால், வெளி ஓரப் பத்தியில் எபிரேயமும், நடுவில் வுல்காத்தா எனும் இலத்தீன் பாடமும், உள் ஓரத்தில் வரிகளுக்கிடையே இலத்தீன் பொருள் ஏற்றிய கிரேக்கமும், அடியில் ஒன்கெலோஸ் தார்கூம் எனும் பழைய அரமேய மொழிபெயர்ப்பும் அதன் இலத்தீன் பெயர்ப்பும் இருக்கும். எபிரேயச் சொல்லின் மேலும் அதற்கு இணையான இலத்தீன் சொல்லின் மேலும் ஒரே சிற்றெழுத்தை இட்டு, அந்த எபிரேயச் சொல்லின் வேரையும் ஓரத்தில் தந்திருப்பதால், இலத்தீன் மட்டும் அறிந்த மாணவரும் எபிரேயத்துக்குள் துணிந்து நுழையலாம். இலத்தீன் வரியில் இடம் மிஞ்சினால் சிறு வட்டங்களை வரிசையாகக் கோத்து நிரப்பியிருக்கிறார்கள். அச்சுக்கோத்தவரின் பொறுமையை நான் நேரில் காண்பது அவ்வட்டங்களில்தான்.

கேள்வி: நெதர்லாந்து அறிஞர் எராஸ்முஸின் கிரேக்கப் புதிய ஏற்பாடுதானே முதலில் வந்தது?

பதில்: வெளிவந்ததில் 1516இன் எராஸ்முஸ் பதிப்பே முந்தியது, அச்சானதில் இதுவே முந்தியது. அச்சகர் அர்னாவோ கில்லேன் தெ புரோக்கார் புதிய ஏற்பாட்டை 1514 ஜனவரி 10 அன்றே முடித்துவிட்டார். ஆறு தொகுதிகளும் 1517 ஜூலையில் நிறைவுற்றன. ஆனால் திருத்தந்தை பத்தாம் லியோவின் ஒப்புதல் 1520இல்தான் கிடைத்தது. 1502இல் பணியைத் தொடங்கிவைத்த கர்தினால் சிஸ்னேரோஸ் 1517 நவம்பரிலேயே மறைந்துவிட்டார் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

கேள்வி: எபிரேயத்தைக் கவனித்தவர்கள் யார்?

பதில்: அல்போன்சோ தெ சமோரா, பாப்லோ கொரோனெல், அல்போன்சோ தெ அல்காலா ஆகிய மூவர், யூதராய்ப் பிறந்து கிறித்தவம் தழுவியவர்கள். 1492இல் யூதர்களை வெளியேற்றிய அதே ஸ்பெயினுக்கு, அவர்களின் கல்வி மரபு இல்லாமல் இந்நூலைச் செய்ய முடியவில்லை.

கேள்வி: இலக்கண அறிஞர் நெப்ரிஹா இப்பணியிலிருந்து ஏன் விலகினார்?

பதில்: இலத்தீன் பாடத்தை எபிரேய, கிரேக்க மூலங்களோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்றார் அவர், பழைய இலத்தீன் கையெழுத்துப் படிகளைக்கொண்டு மட்டுமே திருத்தலாம் என்றார் சிஸ்னேரோஸ். நெப்ரிஹாவின் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. ஓர் எடுத்துக்காட்டு: 1 யோவான் 5:7இல் மூவொரு கடவுளைப் பற்றி இலத்தீனில் வழங்கிவந்த தொடரைக் கிரேக்கத்தில் பெயர்த்து இப்பதிப்பில் சேர்த்தார்கள். கிரேக்கப் படிகளில் தாம் அதைக் காணவில்லை என்பதால் எராஸ்முஸ் 1516இல் விட்டிருந்தார், எதிர்ப்புக்குப் பின் 1522இல் அவரும் சேர்த்தார்.