அச்சம் இருக்கும்போதே சாட்சியாக நிற்பது எப்படி?

குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டுமே இயேசுவை ஏற்றுக்கொண்டவர் என்றும், உறவினர்களின் கேலியால் மனம் சோர்வதாகவும், விசுவாசத்தில் நிலைத்துச் சாட்சி சொல்லத் தைரியம் எங்கிருந்து வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில் ஒரு தமிழ்ச் சபையில் வளர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அச்சம் முழுவதும் நீங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கொரிந்துவில் தாம் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாகப் பவுலே எழுதியிருக்கிறார். யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தார் மிரட்டி அனுப்பிய பேதுருவும் யோவானும் நேரே தங்களைச் சேர்ந்தவர்களிடம் வந்து, நடந்ததைச் சொல்லி, எல்லோருமாகச் சேர்ந்து ஜெபித்ததை அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தில் காணலாம்; அந்த ஜெபத்தில் அவர்கள் கேட்டது பாதுகாப்பை அன்று, தொடர்ந்து வசனம் சொல்லும் தைரியத்தை. தாம் தைரியமாய்ப் பேசும்படி ஜெபியுங்கள் என்று பவுலும் எபேசு சபையாரைக் கேட்டுக்கொண்டார். தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதே உங்கள் சோர்வுக்குப் பாதிக் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. (நான் கத்தோலிக்கன் அல்லன், ஆனாலும் இதை எண்ணாமல் இருக்க முடிவதில்லை.) பினாங்கு ஜெனரல் காலேஜ் குருமடத்தில் கற்பித்த இம்பெர், ஷஸ்தான் என்னும் பிரெஞ்சுக் குருக்கள் இருவர் பின்னாளில் கொரியாவில் ஊழியம் செய்தார்கள். அங்கே துன்புறுத்தல் கடுமையானபோது, எளிய விசுவாசிகள் மேலும் வதைபடக் கூடாதென்று ஆயர் இம்பெர் தாமும் சரணடைந்து, ஷஸ்தானையும் அவருடைய தோழர் மோபானையும் சரணடையச் சொன்னார். மூவரும் 1839 செப்டம்பர் 21 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார்கள். தம்மை நம்பியிருந்த மக்கள்மேல் கொண்ட அன்புதான் அவர்களை அந்த அளவுக்குத் துணிய வைத்தது.

நமக்கு வரும் சோதனை தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், கையில் முறுக்குத் தட்டோடு மாமா எல்லோர் முன்னிலும் கேட்பது: "என்னப்பா, சாமி கும்பிடுறத விட்டுட்டியாமே?" அங்கே வாதாட வேண்டாம். "விடல மாமா, இப்போ இயேசுகிட்ட ஜெபிக்கிறேன், உங்க முட்டிவலிக்கும் சேர்த்துதான்" என்று மரியாதையோடு சொல்லிவிட்டு, அத்தைக்குப் பாத்திரம் கழுவ உதவுங்கள். உறவினரின் தெய்வங்களைப் பழித்துப் பேசுவதைச் சிலர் தைரியம் என்று எண்ணுகிறார்கள். எனக்கு அது வெறும் முரட்டுத்தனமாகவே படுகிறது.

அலுவலகத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள்: முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு இடமளிக்கிறது. மற்றபடி சாப்பாட்டுக்கு முன் தலைகுனிந்து ஜெபிப்பதிலிருந்து தொடங்கலாம். சபையில் நம்பிக்கைக்குரிய இரண்டு பேரை இந்த வாரமே அணுகி, எந்த உறவினரை, எந்தக் கேள்வியை நினைத்து அஞ்சுகிறீர்கள் என்பதைப் பெயர் சொல்லிக் கூறி, உங்களுக்காக ஜெபிக்கக் கேளுங்கள்.