பைபாஸ் பத்து வருஷம்தான் தாங்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று மாதங்களுக்கு முன்பு பைபாஸ் செய்து, மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். இதயம் 40 சதவீதம்தான் வேலை செய்கிறதாம். 'பைபாஸ் பத்து வருஷம்தான் தாங்கும்' என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அப்பா தூங்குவதே இல்லை. மறைவாகப் பீடியும் பிடிக்கிறார். எத்தனை வருடம் இருப்பார் என்று கணித்துச் சொல்ல முடியுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, அந்தப் பத்து வருஷக் கணக்கு காலிலிருந்து எடுத்து ஒட்டும் சிரைக்குழாய்க்கு உரியது. அதை யாரோ அப்பாவின் ஆயுளோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சிரைக்குழாய்களில் ஏறக்குறையப் பாதி, பத்து ஆண்டுகளில் அடைத்துக்கொள்கின்றன அல்லது சுருங்கிவிடுகின்றன. அப்போதும் மாத்திரை இருக்கிறது, தேவைப்பட்டால் ஸ்டென்ட் இருக்கிறது.

மார்புக்கூட்டின் உட்புறம் ஓடும் தமனியை ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. அவற்றில் பத்துக்கு ஒன்பது, பத்து வருடம் கழித்தும் திறந்தே இருக்கும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 1986இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தமனி ஒட்டப்பட்டவர்கள் வெறும் சிரை ஒட்டப்பட்டவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்தது தெரியவந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'லிமா டு எல்.ஏ.டி.' என்று இருந்தால் அதுதான் இது: லிமா என்பது அந்த மார்புத் தமனி, எல்.ஏ.டி. என்பது இதயத்தின் முன்பக்க இரத்தக்குழாய். அப்பாவிடம் அந்த வரியைக் காட்டுங்கள்.

சரி, கணிப்புக்கு வருகிறேன். யூரோஸ்கோர் போன்ற கணக்குகள் அறுவை சிகிச்சையை ஒட்டிய நாட்களின் ஆபத்தைச் சொல்பவை. அந்தக் கட்டத்தை அப்பா தாண்டிவிட்டார். நீண்ட காலத்துக்கு வயது, இதயத்தின் பம்ப் செய்யும் திறன், சிறுநீரகம், சர்க்கரை, நுரையீரல், கால் இரத்தக்குழாய்கள் எல்லாம் கணக்கில் வரும். அப்படிக் கணக்கிட்டாலும், இவரைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் கிடைக்கும். அந்த நூறில் உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. அதனால் நான் ஒரு எண்ணைச் சொல்லி உங்கள் வீட்டுத் தூக்கத்தை மேலும் கெடுக்க மாட்டேன்.

40 சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான இதயமே ஒவ்வொரு துடிப்பிலும் 55 முதல் 70 சதவீத இரத்தத்தைத்தான் வெளியே தள்ளும். இரத்தம் போதாமல் சோர்ந்து கிடந்த தசை, ஒட்டுப் போட்டபின் மெல்ல விழித்துக்கொள்வதும் உண்டு. இப்போது ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பழையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்க்கட்டும்.

சர்க்கரை உள்ளவருக்குப் பல குழாய்களில் அடைப்பு இருந்தால் பைபாஸ்தான் பொருத்தமானது. 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில், ஐந்து ஆண்டுகளில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 16.3 சதவீதம் பேரும் பைபாஸ் செய்தவர்களில் 10.9 சதவீதம் பேரும் இறந்தார்கள்.

பீடி விஷயத்தில் மட்டும் என்னால் மென்மையாகப் பேச முடியவில்லை. புதிதாக ஒட்டிய குழாயை அது மீண்டும் அடைக்கும். பைபாஸுக்குப் பிறகு புகையை விட்டவர்கள் விடாதவர்களைவிட அதிக காலம் வாழ்வது பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. திட்டினால் இன்னும் மறைவாகப் பிடிப்பார். மருத்துவரிடம் அழைத்துப் போய் நிக்கோட்டின் சூயிங்கம் பற்றிக் கேளுங்கள். அப்புறம், 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் அவராக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் தூங்காமல் இருப்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பிறகு பலருக்கு மனச்சோர்வு வருகிறது. அது இதயத்தையும் பாதிக்கும், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது நீங்களும் கூடப் போங்கள். அப்பா தானாக இதைச் சொல்ல மாட்டார்.