பழைய மேஜிக் கார்டு, பழைய ஓவியம்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

இன்னிக்கு ஃப்ரீயா இருக்கேன், கேளுங்க. மேஜிக் தி கேதரிங்னு மந்திர உலகத்துக் கார்டு கேம், அதுலயும் 1993லேர்ந்து 2003 வரைக்கும் வந்த செட்டுங்க, அதான் என் ஏரியா. போகிமான் கொஞ்சம் தெரியும், யு-கி-ஓ ரொம்பக் கம்மி. விலை மட்டும் கேக்காதீங்க (கேப்பீங்க, தெரியும்). அப்புறம் கார்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கவங்க முதல்ல எழுந்து போய் அதைக் கழட்டிட்டு வந்து கேள்வி கேளுங்க.

திருவான்மியூர் தவளை: அண்ணா, எதைப் பார்த்து பழைய கார்டுன்னு சொல்றீங்க? எனக்கு எல்லாமே ஒண்ணாத்தான் தெரியுது.

ஃப்ரேமைப் பாருப்பா. 2003 ஜூலைல எய்ட்த் எடிஷன்னு ஒரு செட்டு வந்தப்போ டிசைனையே மாத்திட்டாங்க. அதுக்கு முன்னாடி படத்தைச் சுத்தி இருக்கற சட்டத்துலயே ஒவ்வொரு கலருக்கும் (மேஜிக் கார்டுல அஞ்சு கலர் உண்டு) ஒரு சொரசொரப்பு இருக்கும், ஆர்ட்டிஃபேக்ட் கார்டுன்னா, அதாவது மாயப் பொருள், மெஷின் மாதிரி கார்டுன்னா, பிரவுன். புதுசுல ஆர்ட்டிஃபேக்டை வெளிர் சாம்பலாக்கி, வெள்ளைக் கார்டு எது ஆர்ட்டிஃபேக்ட் எதுன்னே தெரியாம ஜனங்க தடுமாறி, 2004ல ஃபிஃப்த் டான் செட்லேர்ந்து கொஞ்சம் கருப்பாக்குனாங்க. ஆனா ஒண்ணு, இப்போ ரெட்ரோ ஃப்ரேம்னு பழைய சட்டத்துலயே புதுக் கார்டும் அடிக்கறாங்க, அதனால சட்டத்தை மட்டும் பார்த்து ஏமாந்துடாதே, கீழ இருக்கற வருஷத்தையும் பாரு.

பல்லாவரம் பிக்காச்சு: தங்கக் கலர்ல பளபளன்னு போகிமான் கார்டு 55 இருக்கு, எவ்வளவு போகும்?

போகாது. அது ஃபேன்ஸி ஸ்டோர் சரக்கு. தம்பிக்கு விளையாடக் குடுங்க.

அடையாறு ஆந்தை: சார், நான் 2019லதான் விளையாட ஆரம்பிச்சேன். இருந்தாலும் பழைய படங்களைப் பார்த்தா என்னமோ பண்ணுது. அப்படி என்னதான் இருக்கு அதுல?

நல்ல கேள்வி, இதுக்குத்தான் உக்காந்திருக்கேன். 1993ல மேஜிக் கார்டு அடிச்ச கம்பெனிகிட்ட காசே கிடையாது. ஆர்ட் டைரக்டர் ஜெஸ்பர் மிர்ஃபோர்ஸ், சியாட்டில்ல கார்னிஷ்னு ஒரு ஆர்ட் காலேஜ்ல படிச்சவரு, தன் கூடப் படிச்சவங்க தெரிஞ்சவங்கன்னு ஆளைப் பிடிச்சு வரைய வச்சாரு. இந்த உலகத்துல கத்தி இப்படி இருக்கும் கோட்டை அப்படி இருக்கும்னு எந்த ரூல் புக்கும் இல்ல, கார்டு பேரைச் சொன்னா அவங்கவங்க மனசுல என்ன தோணுச்சோ அதை வரைஞ்சாங்க, ஒருத்தர் வாட்டர்கலர், ஒருத்தர் ஆயில், ஒருத்தர் இங்க். ஸ்டாசிஸ்னு ஒரு நீலக் கார்டு இருக்கு தேடிப் பாருங்க, ஃபே ஜோன்ஸ் வரைஞ்சது, அந்தம்மா கேமைக் கண்டுபிடிச்ச ரிச்சர்ட் கார்ஃபீல்டோட அத்தை, சியாட்டில்ல பேர் போன பெயிண்டர், ஃபேண்டஸிக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. மேஜிக்ல வேற எந்தக் கார்டு மாதிரியும் அது இருக்காது. மிர்ஃபோர்ஸே வரைஞ்ச வேர்ட் ஆஃப் கமாண்ட் பாருங்க, இருட்டு, ரெண்டு கண்ணு, அவ்ளோதான்.

படத்தைப் பார்த்து கார்டையே உண்டாக்குன கதையும் இருக்கு. மார்க் பூல்னு ஒரு ஓவியர் டிராபிகல் ஐலண்டுங்கற நிலக் கார்டுக்காக ஒரு படம் வரைஞ்சாரு, அதுல பறவை ரொம்பப் பெருசா முன்னாடி வந்து நின்னுடுச்சு, நிலத்துக்கு இது ஒத்து வராது, ஆனா படம் அழகா இருக்கு தூக்கிப் போட மனசில்லன்னு கார்ஃபீல்ட் அந்தப் பறவைக்குன்னே ஒரு கார்டு போட்டாரு. அதான் பேர்ட்ஸ் ஆஃப் பாரடைஸ். இன்னிக்கு அப்படி நடக்குமா? 1997ல டெம்பெஸ்ட் செட்டு வந்தப்போ ஒரே கப்பல், ஒரே கூட்டம், கதை கார்டுக்குக் கார்டு தொடருது, அப்போ மூஞ்சி மாறக் கூடாதுல்ல, அங்கேர்ந்து ஓவியருக்கு இடம் குறைய ஆரம்பிச்சுது. இப்போ வர்ற படங்கள்ல திறமை கொட்டிக் கிடக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா அஞ்சு பேர் படத்தைக் கலந்து வச்சா எது யாரோடதுன்னு பேரைப் படிச்சாத்தான் தெரியும். பழசுல ட்ரூ டக்கரையும் அன்சன் மேடாக்ஸையும் ரெபெக்கா கேயையும் பத்தடி தள்ளி நின்னே சொல்லிடலாம்.

நங்கநல்லூர் நக்கீரன்: குற்றம் குற்றமே. அந்தக் காலப் படத்துல பாதிக்கு கை கால் அளவே சரியில்ல, குதிரைன்னு வரைஞ்சது கழுதை மாதிரி இருக்கு. இதெல்லாம் வெறும் சின்ன வயசு ஞாபகம் பாஸ், ஓவியம்னு பூ சுத்தாதீங்க.

யாரோட சின்ன வயசு? 1994ல நம்ம ஊர்ல எவன் கைல மேஜிக் கார்டு இருந்துச்சு? நாமெல்லாம் டபிள்யூ.டபிள்யூ.எஃப் டிரம்ப் கார்டு வச்சு மொட்டை மாடில அடிச்சுக்கிட்டு இருந்தோம். அமெரிக்காக்காரன் சொன்னா ஞாபகம்னு ஒத்துக்கறேன். மேல கேட்ட ஆந்தை 2019ல ஆரம்பிச்ச ஆளு, அவருக்கு ஏது ஞாபகம்? இல்லாத ஞாபகத்துக்கு எப்படி ஏங்க முடியும்? படத்துல ஏதோ இருக்கு, அதான் இழுக்குது.

கோடம்பாக்கம் கோப்ளின்: ப்ரோ, ஃபாயில் கார்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைஞ்சுடுச்சு.

சென்னையில வளையலன்னாத்தான் அதிசயம். மேல ஃபாயில், கீழ பேப்பர். பேப்பர் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சு விரியும், ஃபாயில் விரியாது, அதனால கார்டு முகம் உள்பக்கமா மடங்குது. மூடி இறுக்கமா இருக்கற டப்பால சிலிகா ஜெல் போட்டு வைங்க, 45 - 50 சதவீத ஈரப்பதம் போதும், சின்ன மீட்டர் ஆன்லைன்ல கிடைக்கும். ரொம்பக் காய விட்டா அந்தப் பக்கம் வளையும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலோரமா இருக்கவங்க ஜெல்லை அடிக்கடி மாத்துங்க. அந்துருண்டை வேணாம். பி.வி.சி கவர் வேணாம், பாலிப்ராப்பிலீன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. கீழ் வீட்ல குடியிருந்தா கட்டிலுக்கு அடியில வைக்காதீங்க, 2015 டிசம்பரை மறந்துட்டீங்களா? ரப்பர் பேண்ட் பத்தி சொல்லிட்டேன்.

வேளச்சேரி வேம்பயர்: என்கிட்ட போகிமான்ல ஒரு சாரிஸார்ட் கார்டு இருக்கு எவ்ளோ போகும் அண்ணா?

விலை கேக்காதீங்கன்னு முதல் வரிலயே போட்டிருக்கேன். முதல்ல அது ஒரிஜினலான்னு பாருங்க.

பெரம்பூர் பேட்டரி: அதான் கேக்கறேன், மேஜிக்ல ஒரிஜினல் எப்படிக் கண்டுபிடிக்கறது?

பத்து மடங்கு பெருசாக் காட்டற லென்ஸ் ஒண்ணு வாங்கு. பின்பக்கம் அஞ்சு கலர் வட்டம் இருக்குல்ல, அதுல பச்சை வட்டத்துக்குள்ள நாலு சிவப்புப் புள்ளி எல் எழுத்து மாதிரி நிக்கணும். முன்பக்கம் கருப்பு எழுத்து திடமா இருக்கணும், அதுவே புள்ளி புள்ளியா தெரிஞ்சா கிளம்பிடு. பழைய கார்டை மடக்கிப் பார்க்கற டெஸ்ட்டு எவனாவது சொன்னா அவன் கார்டை மடக்கச் சொல்லு. 1993ல கலெக்டர்ஸ் எடிஷன்னு ஒண்ணு வந்துச்சு, பின்னாடி தங்கக் கலர் பார்டர், மூலை வெட்டாம சதுரமா இருக்கும். அது கம்பெனி அடிச்சதுதான், ஆனா டோர்னமெண்ட்ல செல்லாது. மூலையைச் சீவிட்டு பீட்டான்னு (ஆரம்ப கால அச்சு ஒண்ணு) தலைல கட்டப் பார்ப்பாங்க, கவர்லேர்ந்து எடுத்து பின்பக்கம் பார்க்காம காசு குடுக்காதே.

நங்கநல்லூர் நக்கீரன்: தப்பிச்சுப் போயிட்டீங்களே. நீங்க ஸ்டாசிஸ் காட்றீங்க, பேர்ட்ஸ் காட்றீங்க. அதே வருஷம் வந்த நூறு மட்டமான படத்தைக் காட்ட மாட்டேங்கறீங்க. நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்தா எந்தக் காலமும் பொற்காலம்தான்.

இது நியாயமான அடி. மட்டமானது நிறைய இருக்கு, 1995 ஹோம்லேண்ட்ஸ் செட்டைப் புரட்டினாலே நாலஞ்சு எடுத்துத் தருவேன். ஆனா அந்த மட்டத்துலயும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது, அதைத்தான் சொல்றேன். நல்லா இருக்கறது மோசமா இருக்கறது வேற சங்கதி, கை தெரியுதா இல்லையாங்கறது வேற சங்கதி.

மாம்பலம் மாயாவி: நடுவுல வர்றேன். நம்ம சிவகாசி காலண்டர் எடுத்துக்கோங்க, கொண்டையராஜு முருகனும் அவர் சிஷ்யங்க வரைஞ்ச முருகனும் பார்த்தவுடனே தெரியும். இப்போ கம்ப்யூட்டர்ல பண்ற முருகனுக்கு சிக்ஸ் பேக் இருக்கு, யார் பண்ணதுன்னு தெரியாது. அதானே அண்ணன் சொல்றது?

அதேதான், நான் அரை மணி நேரமா மூச்சு வாங்கிச் சொன்னதை நீங்க ரெண்டு வரில முடிச்சிட்டீங்க.

நங்கநல்லூர் நக்கீரன்: காலண்டரைக் கும்பிடறாங்க, கார்டை விக்கறாங்க. 2024ல ஆல்ஃபாங்கற முதல் அச்சுல வந்த பிளாக் லோட்டஸ் கார்டு ஒண்ணு 30 லட்சம் டாலருக்குப் போச்சு, அதுவும் கை தெரியுதுன்னா?

இல்ல. ஆல்ஃபால ஒரு ரேர் கார்டு சுமார் 1,100தான் அடிச்சாங்க, 1996லேர்ந்து ரிசர்வ்ட் லிஸ்ட்னு ஒண்ணு வச்சு திரும்ப அடிக்க மாட்டோம்னு வாக்கு குடுத்துட்டாங்க, அந்த விலை அதுக்கு. படத்துக்கும் அதுக்கும் முடிச்சு போடாதீங்க. வேர்ட் ஆஃப் கமாண்டும் அந்த லிஸ்ட்லதான் இருக்கு, பேர்ட்ஸ் இல்ல, அதனால அதே மார்க் பூல் படம் வெள்ளை பார்டர் போட்டுப் பின்னாடி வந்த ரிவைஸ்டு, ஃபோர்த் எடிஷன் செட்டுலயும் சாதாரண விலைக்குக் கிடைக்குது. வெள்ளை பார்டரைக் கேவலமாப் பேசுவாங்க, ரிவைஸ்டுல கலர் வெளுத்திருக்கும் உண்மைதான், இருந்தாலும் அதே படம். முதல்ல அதை வாங்கிப் பாருங்க, அப்புறம் சண்டைக்கு வாங்க.

புரசைவாக்கம் பூதம்: எங்க அம்மா பேய் படம்லாம் வீட்ல வைக்கக் கூடாதுன்றாங்க. என்ன பண்ண?

கம்பெனியே பயந்துச்சுப்பா. அன்ஹோலி ஸ்ட்ரெங்த்ங்கற கார்டுல ஆள் பின்னாடி நெருப்புல ஒரு நட்சத்திரம் எரியும், சாத்தான் அடையாளம்னு சொல்வாங்களே அது, ஃபோர்த் எடிஷன்ல அதை அழிச்சிட்டாங்க, சில வருஷம் டீமன்னு (பேய்) பேரே போடாம ஓட்டினாங்க. அம்மாகிட்ட வாசல்ல தொங்கற திருஷ்டி பொம்மையைக் காட்டு.

ஆவடி ஆர்க்: தல, கைல ஒரு போகிமான் கார்டு, எவ்...

மேல படி.

அடையாறு ஆந்தை: கடைசியா ஒண்ணு சார். ஒரிஜினல் பெயிண்டிங்லாம் நமக்குக் கட்டாது. கம்மி காசுல அந்த ஓவியர் கையால வரைஞ்சது ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்னு இருக்கு. முன்பக்கம் சாதாரணக் கார்டு, பின்பக்கம் வெறும் வெள்ளை. ஓவியருக்குன்னு கம்பெனி கொஞ்சம் குடுக்கும், அந்த வெள்ளைல அவங்க பென்சில்லயோ பெயிண்ட்லயோ வரைஞ்சு தருவாங்க, பல பேர் சொந்தமா வெப்சைட் வச்சு விக்கறாங்க. பேர் இல்லாத பழைய காமன் கார்டா பார்த்துக் கேளுங்க, பிளாக் லோட்டஸ் மாதிரி பேர் வாங்கினதோட ப்ரூஃப்கிட்ட போகாதீங்க. தபால் செலவும் கஸ்டம்ஸும் சேர்த்துக் கணக்குப் போட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க, சில சமயம் கார்டை விட அது ஜாஸ்தி வரும். பென்சில்ல வரைஞ்சதா இருந்தா கவர்ல போடும்போது தேய்க்காதீங்க, அழிஞ்சுடும்.