மாத்திரை நேரத்துக்கு மணியடிக்கும் போன்: கேட்டதும் சொன்னதும்

காசநோய்ப் பிரிவில் சிகிச்சை மேற்பார்வையாளராகப் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் நான். மாத்திரையை நினைவூட்டும் தானியங்கி போன் அழைப்புகள் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவற்றுக்குப் பதில் இதோ.

அக்கா, காசநோய் மாத்திரை போட்டதைப் போனில் பதியும் 99டாட்ஸ் முறையில் நோயாளிதான் போன் செய்ய வேண்டுமாமே? தலைகீழாக இருக்கிறதே?

தலைகீழ்தான், அதில்தான் சூட்சுமம். மைக்ரோசாஃப்டின் பெங்களூர் ஆய்வகத்தில் பிறந்த யோசனை அது. மாத்திரை அட்டையை அச்சடித்த காகித உறைக்குள் வைத்து ஒட்டியிருப்போம். மாத்திரையை அமுக்கி எடுத்தால் காகிதம் கிழிந்து, பின்னால் ஒளிந்திருக்கும் எண் தெரியும். இன்றைக்கு எந்த எண் என்று முன்கூட்டியே ஊகிக்க முடியாது. அதற்கு அழைத்தால் காசு போகாது. அழைப்பு வந்த போனை வைத்து நோயாளி யார் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, அன்றைய தேதியில் குறித்துக்கொள்ளும். அழைப்பு வராவிட்டால் அவருக்கு எஸ்எம்எஸ் போகும், எங்கள் பட்டியலிலும் பெயர் ஏறும். சாதாரணக் காசநோய்க்கே 6 மாதம், தினமும் மாத்திரை. அத்தனை நாளும் ஒவ்வொருவர் எதிரிலும் ஆள் நின்று விழுங்க வைப்பது நடக்கிற காரியமா?

மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு போன் மட்டும் செய்தால்?

செய்யலாம், யாரும் தடுக்க முடியாது. சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் சிறுநீரில் காசநோய் மருந்தான ஐசோனியாசிட் இருக்கிறதா என்று சோதித்து, இந்தப் பதிவோடு ஒப்பிட்டார்கள். பதிவை அப்படியே நம்ப முடியாது என்றுதான் தெரிந்தது.

எனக்கு இதைவிடத் தலைவலி கொடுத்தவர்கள் விழுங்கிவிட்டு போன் செய்யாதவர்கள். ஒரு பாட்டியின் பெயருக்கு நேரே இரண்டு வாரமாக ஒரு அழைப்புகூட இல்லை. திட்டிவிட்டு வரலாம் என்றே கிளம்பினேன். பாட்டி பிஸ்கட் டின்னைத் திறந்து காலி அட்டைகளை வரிசையாகத் திண்ணையில் பரப்பினார். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. போன் மகனோடு லாரியில் நாக்பூருக்குப் போயிருந்தது! "ஒன்னுக்கு ஆரஞ்சு கலர்ல போகுதும்மா, அதையும் வந்து பாக்குறியா?" என்றார். இன்னொரு காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் போகும். கம்ப்யூட்டரைவிட நல்ல சாட்சி.

எச்ஐவி மருந்துக்கும் இப்படி போன் செய்து பார்த்திருக்கிறார்களா மேடம்?

பார்த்திருக்கிறார்கள். தென்னிந்தியாவில் 631 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வாரம் ஒரு தானியங்கி அழைப்பும் ஒரு பட மெசேஜும் போயின. மருந்து பலிக்காமல் போவது அதனால் குறையவில்லை.

கென்யாவில் வேறு கதை. அங்கே வாரம் ஒரு எஸ்எம்எஸ் மட்டும்: "மாம்போ?" சுவாஹிலியில் எப்படி இருக்கீங்க என்கிற மாதிரி. நல்லா இருந்தால் "சாவா", சிக்கல் என்றால் "ஷிடா" என்று 48 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். ஷிடா என்றவர்களையும் பதிலே போடாதவர்களையும் மருத்துவமனை ஆட்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். அங்கே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் கூடினார்கள். இரண்டு நாடு, இரண்டு விதமான ஆய்வு, நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஷிடா என்றதும் ஒரு ஆள் பேசியதுதான் வேலை செய்தது என்பது என் கணிப்பு.

எங்கள் கிளினிக்கில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்குத் தானியங்கி அழைப்பு வைக்கலாம் என்று இருக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

எப்போதும் ஒரே எண்ணிலிருந்து போகட்டும், அதை நோயாளியின் போனில் நீங்களே சேமித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் லோன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பென்று கட் செய்துவிடுவார்கள். செய்தித் தமிழ் வேண்டாம், உங்கள் நர்ஸ் பேசிப் பதியட்டும். நோயின் பெயரைச் சொல்லவே கூடாது, போனை எடுப்பது மருமகளாகவும் இருக்கலாம். "மாத்திரை தீரப் போகிறதா? 2-ஐ அழுத்துங்கள்" என்று ஒன்று வையுங்கள். அழுத்தியவரை அன்றைக்கே கூப்பிட ஆள் இல்லையென்றால் இதை ஆரம்பிக்காதீர்கள்.

நேற்று மறந்துவிட்டேன். இன்று இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்துப் போடலாமா?

வேண்டாம். இன்றைய அளவை மட்டும் போட்டுவிட்டு, விட்டுப்போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு டிபி. மாத்திரை போன் வந்தாலே கட் செய்கிறார். அப்புறம் ஞாபகமே இல்லை என்கிறார்.

கட் செய்கிறவருக்கு ஞாபகம் இருக்கிறது தம்பி. மாத்திரை போட்டதும் குமட்டுகிறதா, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகிறாரா, குடிக்கிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாந்தி நிற்காமல் இருந்தாலோ கண் மஞ்சளாக இருந்தாலோ நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்றே டிபி யூனிட்டுக்குக் கூட்டிப் போங்கள். போகும்போது மிச்ச அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணிப் பார்ப்பார்கள்.